வெள்ளம் வடிந்த பிறகு முதல் ஓட்டம்

வாவிக்கரையான் – 11 ஜனவரி 2026, காலை 8.20

இன்று காலை நாலே முக்காலுக்கு மட்டக்களப்பில் கல்லடிப் பழைய பாலத்தில் தொடங்கி, காத்தான்குடி எல்லை வரை போய்த் திரும்பினேன். ஏழு கிலோமீட்டர், 58 நிமிடம். நவம்பரில் இதே தூரத்தை 46 நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஓடியது நவம்பர் 23 ஞாயிறு. அன்று 18 கிலோமீட்டர். அந்தக் கிழமையே மழை பிடித்துக்கொண்டது, 28ஆம் திகதி டித்வா புயல் கரையேறியது. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. படுவான்கரையில் அக்கா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அது வடிந்த பிறகு மூன்று கிழமை சனி, ஞாயிறெல்லாம் அங்கேதான். சேறு வழிப்பது, கிணறு இறைப்பது, நனைந்த நெல் மூட்டைகளைத் தூக்கி வெளியே கொட்டுவது. உடற்பயிற்சி என்று பார்த்தால் குறைவில்லை. முதுகு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதனால் இது சோம்பலில் விட்ட ஓட்டம் இல்லை. ஆனால் திரும்பத் தொடங்கும்போது ஒரு கூச்சம் வந்தது. நாவற்குடாவில் தேநீர்க் கடை வாசலில் நின்ற ஒருவர், நான் கேட்கும்படியே, "ஊர் சேத்துக்குள்ள கிடக்குது, இவருக்கு ஓட்டம்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. வீடு வரும் வரை அந்தச் சொல் கூடவே வந்தது.

வீட்டில் அம்மாவுக்கு வேறு கணக்கு. 90இல், யுத்தத்துக்குள், இரண்டு வயதுப் பிள்ளையாக இருந்த என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவ. 2004 டிசம்பரில் கல்லடியில் நானே அவவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். "ஆரும் துரத்தாமல் ஏன் மகன் ஓடுறாய்?" என்று இன்றைக்கும் கேட்பா. பகிடியாகத்தான் கேட்பா, ஆனால் முழுக்கப் பகிடி இல்லை.

நான் ஓடத் தொடங்கியதே ஒரு நெருக்கடியில்தான். 2022இல் பெற்றோல் இல்லை, மோட்டார் சைக்கிள் வீட்டு விறாந்தையில் கிடந்தது. வேலைக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். பிறகு நேரம் மிச்சம் பிடிக்க இடைக்கிடை ஓடினேன். கியூஆர் முறை வந்து பெற்றோல் கிடைத்த பிறகும் கால் நிற்கவில்லை.

கேள்வி இரண்டு. ஒன்று, ஏழு கிழமை விட்டவன் எங்கிருந்து தொடங்க வேண்டும்? இரண்டாவதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இந்தக் கூச்சம் எனக்கு மட்டுமா?

---

கல்லாற்றான் – 11 ஜனவரி, காலை 9.05

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன் மச்சான், இரண்டாவது பெரிய ஆட்களின் வேலை.

ஓட்டத்தை விட்டால் முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. பத்து, பன்னிரண்டு நாளிலேயே இறங்கிவிடும். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் அளவு குறைய, அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறும். அதனால்தான் பழைய வேகத்தில் போனால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இது திரும்பி வருவதும் அதே மாதிரிச் சுறுக்காகத்தான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மூச்சு மூன்று நாலு கிழமையில் சரியாகிவிடும். குதிக்கால் நரம்பு, முழங்கால் எல்லாம் அவ்வளவு கெதியாகத் தயாராகாது. "இப்ப லேசாக இருக்குது" என்று நீ வேகம் எடுக்கிற நாளில்தான் குதிக்கால் பிடிக்கும். எனக்குப் போன வருடம் அப்படித்தான், இரண்டு மாதம் நொண்டினேன்.

58 நிமிடம் என்றால் 58தான். கடிகாரத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு ஓடு. கதைத்துக்கொண்டு ஓட முடிகிறதா பார், அதுதான் அளவு. தனியாக ஓடினால் பாட்டுப் படி, நாய்கள் கலைக்கும், வேகமும் வரும்.

---

உகந்தை நடையன் – 11 ஜனவரி, மாலை 6.40

தம்பி வாவிக்கரையான், நான் ஓடுகிறவன் இல்லை, நடக்கிறவன். கதிர்காமத்துக்குப் பதினொரு தடவை காட்டுவழியால் நடந்திருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்ததும் எழுத வேண்டும் போல இருந்தது.

78 சூறாவளியின்போது எனக்குப் பதினைந்து வயது. நவம்பர் 23 இரவு. விடிந்து பார்த்தால் எங்கள் தோட்டத்தில் ஒரு தென்னை நிற்கவில்லை. வீட்டுக் கூரை எங்கே போனது என்றே தெரியாது. அடுத்த கிழமை நாங்கள் பெடியன்கள் என்ன செய்தோம் தெரியுமா? விழுந்து கிடந்த தென்னைகளுக்கு மேல் ஏறி, மரத்துக்கு மரம் தாவி, ஓடிப்பிடித்து விளையாடினோம். இழவு வீடுகள் நிறைந்த ஊர் அது. ஒருத்தரும் ஏசவில்லை. என் அப்பு திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது. அப்போது அதெல்லாம் விளங்குகிற வயதில்லை.

உங்களை ஏசியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வீட்டில் என்ன நடந்ததோ. நாளைக்கும் அதே கடை வாசலால் போங்கள், "அண்ணன், சுகமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பாதயாத்திரையில் ஒரு வழக்கம் உண்டு. உகந்தையில் இருந்து காட்டுக்குள் இறங்கினால் குமண, கும்புக்கன் ஆறு, யால என்று மாணிக்க கங்கை வரும் வரை ஐந்தாறு நாள். அந்த ஐந்தாறு நாளும் கூட்டத்தில் ஆகப் பிந்தி வரும் கிழவியின் நடைதான் கூட்டத்தின் நடை. அவவை விட்டுவிட்டுப் போக முடியாது, யானை நிற்கிற காடு. முதல் தடவை எனக்குப் பொறுமையே இல்லை, முன்னுக்கு ஓடி ஓடிப் போய் நின்றேன். மூன்றாம் நாள் என் கால்தான் கொப்பளித்தது. கிழவி பொக்கை வாயால் சிரித்துக்கொண்டு என்னைக் கடந்து போனா.

பதினொரு மணிக்கு முன்னம் நிழலுக்குப் போய்விட வேண்டும். இது ஓட்டக்காரருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

---

இரவு வேலை – 12 ஜனவரி, அதிகாலை 3.15

வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். நோயாளர் விடுதி இப்போது அமைதி, அதனால் எழுதுகிறேன்.

சேறு வழித்தேன், கிணறு இறைத்தேன் என்று வாவிக்கரையான் அண்ணா எழுதியதைப் பார்த்ததும் மனதில் வந்தது எலிக்காய்ச்சல்தான். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரோ சேறோ காலில் உள்ள கீறல், வெடிப்பு வழியாக உள்ளே போவதால் வருவது. ஓட்டக்காரரை அது எப்படி ஏமாற்றும் தெரியுமா? காய்ச்சலோடு தசைநோவு வரும், அதுவும் கெண்டைக்காலில்தான் கூட நோகும். "கனநாளைக்குப் பிறகு ஓடினேன், அதுதான் பிடித்திருக்கு" என்று நினைத்து வீட்டில் கிடப்பார்கள். நோவுக்கு டைக்குளோபெனாக் வாங்கிப் போடுவார்கள். இந்த நோய் சிறுநீரகத்தைப் பிடிக்கக்கூடியது, அந்தக் குளிசையும் சிறுநீரகத்துக்குக் கூடாது. ஆகவே சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் சேர்ந்து வந்தால் அது ஓட்ட நோவு இல்லை. அன்றைக்கே காட்டுங்கள். வெள்ளத்தில் வேலை செய்ததைச் சொல்ல மறக்க வேண்டாம்.

வயலில் இறங்குகிறவர்கள் முன்கூட்டியே டொக்சிசைக்கிளின் எடுக்கலாம், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் காலில் புண்ணோடு சேற்றில் இறங்கவே வேண்டாம். எங்கள் பக்க வயல் மண்ணில் மெலியொயிடோசிஸ் கிருமியும் இருக்கிறது, அது நீரிழிவுக்காரரைத்தான் தேடிப் பிடிக்கும்.

இன்னும் தண்ணீர் நிற்கிற ஒழுங்கைகளால் ஓடாதீர்கள். தார் வீதி போதும்.

---

வாவிக்கரையான் – 12 ஜனவரி, காலை 7.02

நன்றி தங்கச்சி. காய்ச்சல் இல்லை. ஆனால் கெண்டைக்கால் நோவுக்கு நேற்று ஒரு குளிசை போட்டது உண்மை. இனி இல்லை.

நடையன் ஐயா, இன்று அந்தக் கடையில் அவர் இல்லை. நாளைக்குப் பார்க்கிறேன்.

---

ஸ்காபரோக் குளிர் – 12 ஜனவரி, காலை 9.48

இங்கே கனடாவில் வெளியே உறைபனி, நான் உள்ளே ஓடுபொறியில். கண்ணுக்கு முன்னால் சுவர். நீங்கள் வாவியைப் பார்த்து ஓடுகிறீர்கள், கொடுத்துவைத்தவர்கள்.

டித்வா என்ற பெயரை அறிந்த நாளில் இருந்து ஒன்று மனதை உறுத்துகிறது. யேமன் கொடுத்த பெயர், சொக்கோத்ரா தீவில் உள்ள ஒரு வாவியின் பெயர். வாவிக்கரை ஊருக்கு ஒரு வாவியின் பெயரில் புயல். மலையகத்தில் மண்சரிவில் போன உயிர்களை நினைத்தால் நம் ஊர் தப்பியது என்றுதான் சொல்ல வேண்டும். நாடு முழுக்க அறுநூறுக்கு மேல்.

சரி, ஓட்டக் கதை. கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023 ஒக்டோபரில் சிக்காகோவில் மரதனை 2 மணித்தியாலம் 35 செக்கனில் முடித்தார் அல்லவா, ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 51 செக்கன் வரும். புதுக் கல்லடிப் பாலம் ஏறத்தாழ 290 மீட்டர். அந்த மனிதர் அதை ஐம்பது செக்கனில் கடப்பார். ஒருக்கால் இல்லை, 145 தடவை, நிற்காமல். போன தடவை ஊருக்கு வந்தபோது நான் ஒரே ஒரு தடவை அந்த வேகத்தில் ஓடிப் பார்த்தேன். 71 செக்கன். பிறகு பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீன் வாங்கப் போன ஒரு அம்மா, "என்ன தம்பி, நெஞ்சு நோகுதா?" என்று கேட்டா. கிப்டம் 2024 பெப்ரவரியில், 24 வயதில், கார் விபத்தில் போய்விட்டார் பாவம்.

பெண்களில் ரூத் செப்னெகெடிச் 2024இல் அதே சிக்காகோவில் 2:09:56. இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கீழே ஓடிய முதல் பெண் என்று நான் வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். போன ஒக்டோபரில் ஊக்கமருந்துக் குற்றத்துக்கு மூன்று வருடத் தடை. மாட்டியது பின்னால் எடுத்த மாதிரியில் என்பதால் அந்தச் சாதனை பட்டியலில் அப்படியே நிற்கிறது. என் மகள், "அப்பா, அப்ப நம்பலாமா, நம்பக்கூடாதா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

காபன் தகடு வைத்த சப்பாத்து வாங்கலாமா என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டிருந்தார். அடித்தளம் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2020இலேயே கட்டுப்பாடு வந்துவிட்டது, அந்த அளவுக்கு வேலை செய்கிற சாமான்தான். ஆனால் எட்டு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் ஓடுகிற நமக்கு அது கலியாணப் பட்டு வேட்டியோடு வயலுக்குப் போவது மாதிரி. அபேபே பிக்கிலா 1960இல் ரோமில் வெறுங்காலோடு ஓடி 2:15:16. அதற்காக வெறுங்காலோடு ஓடச் சொல்லவில்லை, இரவு வேலைத் தங்கச்சி ஏசுவா.

---

நாவற்குடாப் பெண் – 12 ஜனவரி, மாலை 5.30

இந்த இழையில் நாய், யானை, எலி எல்லாம் வந்துவிட்டன. பெண்களைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை, அதனால் நான்.

நாலே முக்காலுக்குக் கல்லடிப் பாலத்தில் ஓடினேன் என்று வாவிக்கரையான் அண்ணா எழுதியிருக்கிறார். அந்த வசனத்தை நான் எழுத முடியாது. நான் ஓட வேண்டுமென்றால் தம்பி சைக்கிளில் பின்னால் வர வேண்டும். அவன் நித்திரை முழிக்கவில்லை என்றால் எனக்கு அன்று ஓட்டம் இல்லை. கடை வாசலில் நிற்பவர் உங்களைப் பார்த்து ஒரு சொல்தான் சொன்னார். எனக்குச் சொல்வதை இங்கே எழுத முடியாது. முதல் வருடம் முழங்காலுக்குக் கீழ் இறங்கும் பாவாடை மாதிரி ஒன்றைக் களிசானுக்கு மேல் போட்டுக்கொண்டுதான் ஓடினேன். வேர்வையில் காலைச் சுற்றும், இரண்டு தடவை விழுந்தேன்.

இப்போது கிழமையில் மூன்று நாள் வெபர் மைதானம், சுற்றிச் சுற்றி. சலிப்புத்தான். ஆனால் வெளிச்சம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் அங்கே நடக்க வந்த முதியவர் ஒருவர், வெபர் பாதிரியாரிடம் கூடைப்பந்து பழகியவராம், அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 1947இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சில் இருந்து வந்தவர், 1998இல் இறக்கும் வரை இந்த ஊர்ப் பிள்ளைகளை விளையாட வைத்தவர். "பெட்டைப் பிள்ளையள் இப்பிடி ஓடுறதக் கண்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பார்" என்றார் முதியவர். எனக்கு அது போதும், ஒரு கிழமை ஓடினேன்.

அம்மா இப்போது தடுப்பதில்லை. அதற்குக் காரணம் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா. 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் போட்டியில், 72 வயதில், 1500 மீட்டர் ஓட்டத்திலும் 5000 மீட்டர் வேகநடையிலும் தங்கம். சேலை உடுத்திய அந்த அம்மாவின் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு அம்மா கன நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "சரி, சாப்பிட்டுட்டு ஓடு" என்றா. சாப்பிட்டுவிட்டு எப்படி ஓடுவது என்று நான் கேட்கவில்லை.

---

வெள்ளாப்போடி – 12 ஜனவரி, இரவு 8.11

ஓட்டத்தை விடுங்கள், நிவாரணக் காசு யார் யாருக்குப் போனது என்று இங்கே யாராவது கதைப்பீர்களா? எங்கள் பக்கத்தில் தண்ணீரே வராத வீட்டுக்கு

மட்டுறுத்துநர்: இதற்கென்று வேறு இழை இருக்கிறது. பதிவின் மிச்சத்தை அங்கே நகர்த்திவிட்டேன். கோபம் நியாயமானதாக இருக்கலாம் அண்ணன், இடம் இதுவல்ல.

---

திருக்கோவில் வாத்தி – 13 ஜனவரி, இரவு 9.20

எல்லாம் வாசித்தேன். நான் எழுத வந்தது பெரியவர்களின் ஓட்டத்தைப் பற்றி அல்ல. தவணை தொடங்கிவிட்டது, இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வருகிறது, அதற்கு முன்னோடியாக ஒவ்வொரு பாடசாலையிலும் மரதன் ஓட்டம் வரும். 2024 மார்ச்சில் எங்கள் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயதுப் பிள்ளை இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சம்பவத்தில் யாருடைய பிழை என்று நான் எழுதப் போவதில்லை. ஊரே வீதிக்கு வந்து கேட்ட கேள்வி அது. நான் எழுதுவது, அதற்கு முன்னம் வேறொரு பாடசாலையில் நான் கண்ணால் கண்டதை. என் பிழையும் அதில் இருக்கிறது.

ஓட்டம் காலை ஆறரைக்கு என்று அறிவித்திருந்தோம். பிள்ளைகள் ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள், பாதிப் பேர் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு. பிரதம அதிதி வரவில்லை. ஏழு, ஏழரை, எட்டு. கொடி அசைக்க அவர்தான் வேண்டும் என்றார்கள். ஒன்பதேகாலுக்கு அவர் வந்தார், மாலை போட்டார்கள், பேசினார். ஒன்பது நாற்பதுக்குக் கொடி அசைந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் நின்ற பிள்ளைகள் ஓடத் தொடங்கின. மூன்றாம் கிலோமீட்டரில் ஒரு பிள்ளை நேராக ஓடாமல் வீதிக்குக் குறுக்கே போனது. நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். "நேரே ஓடுடா" என்று கத்தினேன். ஓம், கத்தினேன். அது திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் என்னை அடையாளம் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி ஓடி வந்து கிணற்று வாளியோடு அப்படியே தலையில் ஊற்றினா. வாளி வாளியாக. "சேட்டைக் கழட்டு வாத்தி, என்னத்தப் பாக்கிறாய்" என்று எனக்கு ஏச்சு. பிள்ளை பிழைத்தது. என்னால் அல்ல.

அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு நாளும் நெடுந்தூரம் ஓடப் பழக்கவில்லை. வருடத்தில் 364 நாள் வகுப்பில் இருத்திவிட்டு, ஒரு நாள் ஐந்து, ஆறு கிலோமீட்டர் ஓடச் சொல்கிறோம். அவர்களும் முதல் நூறு மீட்டரை நூறு மீட்டர்ப் போட்டி மாதிரியே ஓடுகிறார்கள். வீதியோரம் நின்று நாங்களும் கைதட்டுகிறோம். மெதுவாக ஓடுவதை யாராவது கற்பித்தால்தானே?

இந்த வருடம் நான் பொறுப்பு. அதிபரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். ஐந்தே முக்காலுக்கு ஓட்டம், அதிதி வந்தாலும் வராவிட்டாலும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ஆசிரியர், ஒரு தண்ணீர்த் தொட்டி. முன்கூட்டியே ஆறு கிழமைப் பயிற்சி. இன்னும் பதில் வரவில்லை. "அதிதி இல்லாமல் எப்படி சேர்?" என்று மட்டும் ஒருவர் கேட்டார்.

---

இரவு வேலை – 14 ஜனவரி, அதிகாலை 2.50

சேர், அந்த அம்மா செய்ததுதான் சரியான வைத்தியம். வெப்பத் தாக்கு என்றால் உள்ளுடம்பின் சூடு 40 பாகைக்கு மேல் போய், மூளை தடுமாறும். குறுக்கே ஓடுவது, ஆளைத் தெரியாமல் பார்ப்பது, பேச்சுக் குழறுவது, இவைதான் அடையாளம். வேர்வை நின்றிருக்க வேண்டும் என்று இல்லை. ஓடும்போது வருவதில் உடம்பு தெப்பமாக வேர்த்துக்கொண்டும் இருக்கும். அதனால் "வேர்க்குதுதானே, பரவாயில்லை" என்று விடக்கூடாது.

முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஏற்றுவது. ஆட்டோ தேடி ஓடுகிற பத்து நிமிடத்தில் சூடு செய்வதைச் செய்துவிடும். தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழுத்து வரை இறக்குங்கள், தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கிணற்று வாளி. 1990 அம்புலன்சுக்கு அடித்துச் சொல்லிவிட்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். மயங்கியவரின் வாயில் தண்ணீர் பருக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கும் ஒன்று. நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு இறங்கிப் போகும், அதுவும் ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள். நெடுந்தூரம் போனால் ஒரு ஜீவனி உப்புக்கரைசல் பக்கற்றைக் கரைத்துக்கொள்ளுங்கள். எழுதியபடி ஒரு லீற்றருக்கு ஒன்று, அரை லீற்றரில் கரைக்க வேண்டாம்.

---

பேரீச்சமர நிழல் – 14 ஜனவரி, காலை 6.45

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லோருக்கும். வாத்தியாரின் பதிவை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாசித்தேன். என் மகனும் இந்த வருடம் பாடசாலையில் பெயர் கொடுத்திருக்கிறான். அவனை நாளையிலிருந்து என்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன், மெதுவாக ஓடப் பழக்க.

காத்தான்குடிக்காரன் நான். வாவிக்கரையான் தம்பி திரும்பிய இடத்தில்தான் என் ஓட்டம் தொடங்குகிறது. வீதி நடுவில் நிற்கிற பேரீச்சை மரங்களைப் பார்த்து வெளியூர் ஆட்கள் நிழல் என்று நினைப்பார்கள். நிழல் கிடையாது, என் பெயர் பகிடிக்கு வைத்தது.

பெப்ரவரி நடுப்பகுதி கழிய நோன்பு வந்துவிடும், பிறை பார்த்துச் சொல்வார்கள். மூன்று வருடமாக நோன்பிலும் ஓடுகிறேன். விடியமுன் சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு ஓடினால் அன்று முழுக்கத் தாகம் வாட்டும். இரவுத் தராவீஹ் தொழுகை முடிந்து ஓடினால் நித்திரை இல்லை. எனக்குச் சரிவந்தது நோன்பு திறக்க முக்கால் மணித்தியாலம் இருக்கும்போது, நாலு கிலோமீட்டர், நடைக்குக் கொஞ்சம் மேல். முடிக்கும்போது பாங்கு சொல்லும், ஈச்சம்பழமும் பள்ளிவாசல் கஞ்சியும் தயார். அந்தக் கஞ்சியில் உப்பு, தண்ணீர், சோறு, இறைச்சி எல்லாம் இருக்கிறது, எந்தப் போத்தல் பானத்துக்கும் அது குறைந்ததில்லை. நீரிழிவுக்குக் குளிசை எடுக்கிறவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். என் மச்சானுக்குச் சீனி இறங்கி விழுந்தான்.

ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசும்போது நாம் இன்னொரு தடவை இதைப் பேச வேண்டும். மலையைத் தாண்டிக் காய்ந்து வருகிற காற்று, வேர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்த்திவிடும். வேர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவோம். கனடாக்காரருக்குச் சொல்கிறேன், கச்சான் என்றால் இங்கே காற்றும்தான், கடலையும்தான். மறந்திருப்பீர்கள்.

---

ஸ்காபரோக் குளிர் – 14 ஜனவரி, காலை 8.02

நானா, கச்சானை மறப்பேனா. இங்கே ஒரு சரை வறுத்த கச்சானுக்குக் கொடுக்கிற காசில் ஊரில் ஒரு மூட்டை வாங்கலாம்.

---

வாவிக்கரையான் – 15 ஜனவரி, மாலை 4.10

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. அக்கா வீட்டில்தான் பொங்கினோம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரிகிறது, அதற்குக் கீழே கோலம். வயல் அழிந்துவிட்டது, புதிர் எடுக்க, புது விளைச்சலில் பொங்க, நெல் இல்லை, கடை அரிசியில் பொங்கல். அத்தான், "இந்த வருஷம் சூரியனுக்கும் கடன்தான்" என்றார்.

கடை வாசலில் நின்றவரை நேற்றுக் கண்டேன். நடையன் ஐயா சொன்னபடி, "அண்ணன், சுகமா?" என்றேன். கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கட வீட்டுக்குள்ள இன்னும் சேறு மணக்குது தம்பி" என்றார். நின்று கதைத்தேன். அன்றைய ஓட்டம் இரண்டு கிலோமீட்டரோடு முடிந்தது.

வருட முடிவுக்கு ஒரு முழு மரதன் ஓட வேண்டும் என்று நினைத்திருந்தேன். கொழும்புக்குப் போய் ஓட மனம் இல்லை. கல்லடியில் விபுலாநந்த அடிகளின் சமாதியில் தொடங்கி அவர் பிறந்த காரைதீவு வரை போனால் நாற்பது கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். மிச்சத்தைக் காரைதீவுக் கடற்கரையில் முடிக்கலாம். நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை. ஒரே வீதி. கோயில் மணி கேட்கும், கொஞ்ச தூரத்தில் பாங்கு கேட்கும், மறுகா மணி. எந்த ஊரில் விழுந்தாலும் தண்ணீர் தர ஆள் இருக்கும். செப்டம்பருக்கு முன்னம் வேண்டாம், கச்சான் அடங்கட்டும். நேரக் கணக்கு இல்லை, ஆகப் பிந்தி வருகிறவரின் வேகம்தான்.

யார் வருவீர்கள்?

---

நாவற்குடாப் பெண் – 15 ஜனவரி, மாலை 4.31

கூட்டமாக என்றால் நான் வருகிறேன். தம்பியின் சைக்கிளில் தண்ணீர் ஏற்றலாம்.

---

கல்லாற்றான் – 15 ஜனவரி, மாலை 5.15

கல்லாற்றுப் பாலத்தில் சேருகிறேன். முழுத்தூரம் என்னால் ஏலாது, குதிக்கால் சாட்சி.

---

உகந்தை நடையன் – 15 ஜனவரி, இரவு 7.50

நான் முதல் நாளே நடக்கத் தொடங்கிவிடுகிறேன். குருக்கள்மடத்தில் என்னைப் பிடியுங்கள்.

---

திருக்கோவில் வாத்தி – 16 ஜனவரி, காலை 6.05

அதிபர் கையெழுத்து வைத்துவிட்டார். ஐந்தே முக்கால். அதிதிக்கு ஏழரைக்கு வரச் சொல்லிப் பரிசளிப்பு மட்டும். காரைதீவில் நான் நிற்பேன், பெரிய தண்ணீர்த் தொட்டியோடு.

---

பேரீச்சமர நிழல் – 16 ஜனவரி, காலை 6.20

செப்டம்பர் கிடக்கட்டும். ஞாயிறு நாலே முக்காலுக்கு நானும் மகனும் எல்லையில் நிற்போம் தம்பி, நீங்கள் திரும்புகிற இடத்தில். அங்கே நிற்கிற கறுப்பு நாய்க்கு ஒரு துண்டு பாண் கொண்டு வாருங்கள், அது உங்களைத்தான் கூடக் கலைக்கிறது.